பங்காளித் தீட்டு

புரட்டாசி 4, வியாழன்

எனக்கு எழுத்து தெரியாது. சொல்வது நான், எழுதுவது தையல்காரி சகாயமேரி. நான் பேசுவதை அப்படியே எழுதாமல் புத்தகத்தில் இருப்பதுபோல் திருத்தி எழுதுகிறாள். வசவுகளை மட்டும் விட்டுவிடுகிறாள். அதை விட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். "மிஞ்சுறதை எழுதுவோம்யா" என்றாள்.

இது வக்கீல் வைத்த வேலை. என் மகன் செல்வேந்திரனுக்குத் திண்டுக்கல் கோர்ட்டில் இருபது வருடம் போட்டுவிட்டார்கள். எங்கள் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்க வரும் தமயந்தியின் மகளிடம், ஒன்பது வயதுப் பிள்ளையிடம், மோட்டார் ரூமில் வைத்துத் தகாத காரியம் செய்தான் என்று கேஸ். இப்போது மதுரை ஜெயிலில் இருக்கிறான். ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டிருக்கிறோம்.

"பெரியவரே, பொய்க் கேஸுன்னு சொன்னா, ஏன் பொய் சொன்னாங்கன்னு ஜட்ஜ் கேப்பாரு. முன்விரோதம் இருக்கான்னு யோசிங்க. தினம் யாரு வந்து என்ன பேசுறாங்கன்னு தேதி போட்டு எழுதி வைங்க" என்றார் வக்கீல்.

யோசிக்க என்ன இருக்கிறது? இந்த வேலாயிபட்டியில் எனக்கு விரோதத்துக்கா பஞ்சம்?

புரட்டாசி 5, வெள்ளி

மழை. மொட்டெல்லாம் தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடக்கிறது. எடுக்க ஆள் இல்லை. கீழத்தெருவிலிருந்து ஒருத்தியும் என் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வராவிட்டால் போகட்டும். பூ செடியிலேயே அழுகட்டும்.

புரட்டாசி 9, செவ்வாய்

சொல்லச் சொல்ல மேரிக்குக் கை வலித்துவிட்டது. கிழக்குத் தோட்டத்துக்காரனின் அப்பன் எங்கள் வரப்பை வெட்டியது எனக்கு மீசை முளைக்காத காலத்தில். எங்கள் செவலைக் காளையை முடமாக்கியவன் யார், என் கல்யாணத்தில் சோறு பற்றவில்லை என்று பந்தியில் உட்கார்ந்தே சிரித்தவன் யார், என் மனைவி செத்த அன்று எழவுக்கு வராமல் சினிமாவுக்குப் போனவன் யார், எல்லாவற்றையும் கிழமையோடு, அன்று அவன் கட்டியிருந்த வேட்டியின் கரையோடு சொன்னேன். எனக்கு மறதி என்று ஒன்று கிடையாது. ஊரில் பாகத் தகராறு, சாதிசனத் தகராறு எது வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

"தமயந்தி வீட்டோட என்ன பகைன்னு சொல்லுங்கய்யா. வக்கீல் கேட்டது அதைத்தானே" என்றாள் மேரி.

அங்கேதான் எனக்கு எரிச்சல் வந்தது. அவள் மாமனார் என் அப்பாவோடு கிணறு வெட்டியவர். அவள் மாமியார் என் மனைவிக்குப் பிரசவம் பார்த்தவள். செல்வேந்திரனை முதலில் கையில் ஏந்தியதே அவள்தான். அவள் புருசன் காமாலையில் போய்ச் சேரும்வரை என் தோட்டத்தில் மண் வெட்டினான். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. மூன்று தலைமுறையாக ஒரு சண்டையும் போடாமல் இருந்து தொலைத்திருக்கிறார்கள். ஒரு தடவையாவது போட்டிருக்கக் கூடாதா?

"அப்ப என்னன்னு எழுத?"

"யோசிச்சுச் சொல்றேன்னு எழுது."

புரட்டாசி 13, சனி

வக்கீல் ஆபீஸுக்குப் போனேன். அங்கே எனக்கு ஸ்டூல்தான். சாய்மானம் வைத்த நாற்காலியில் அவருடைய பை உட்கார்ந்திருந்தது.

விரோதம் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் தப்பு தமயந்தி மேல்தான் என்று சொன்னேன். கேஸுக்கு முந்தின வருடம் வைகாசியிலேயே நான் எல்லாப் பொம்பளைகளிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், பூ எடுக்க வரும்போது பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது என்று. செடியை மிதிக்கிறார்கள், மொட்டை உதிர்க்கிறார்கள். மோட்டார் ரூமுக்கும் புதுப் பூட்டு வாங்கிப் போட்டுச் சாவியை என் இடுப்பில் வைத்துக்கொண்டேன். மறு வருடம் சித்திரை வெயிலில் செல்வேந்திரன் அதைக் கேட்டு வாங்கினான், மோட்டார் போடாமல் தோட்டம் காயுமே. அவ்வளவு சொல்லியும் தமயந்தி மட்டும் கூட்டிவந்தாள். விடியுமுன்னே பிள்ளையை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்றாள். பிள்ளையைக் கூட்டிவந்தது யார் குற்றம்?

வக்கீல் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"பூட்டும் அந்த வைகாசிலதான் போட்டீங்களா?"

"ஆமா."

"அதுக்கு முன்னாடி பூட்டு இல்லையா?"

"எங்கப்பா காலத்துல இருந்து கிடையாது. அங்க என்ன தங்கமா இருக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா, இதை வேற யாருகிட்டயும் சொல்லாதீங்க. அந்த நோட்டுலயும் எழுதாதீங்க."

மொட்டைக் காப்பாற்றுவது ஒரு குற்றமா? அவர் சொல்வதை எல்லாம் கேட்க நான் என்ன அவர் குமாஸ்தாவா? மேரியை எழுதச் சொல்லிவிட்டேன்.

புரட்டாசி 18, வியாழன்

ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்தேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றான். இளைத்திருந்தான். இரண்டு பக்கமும் ஆட்கள் கத்திப் பேசுகிறார்கள், சந்தை மாதிரி. சொட்டுநீர்க் குழாயை எலி கடித்துவிட்டது என்று சொன்னேன். எந்த வரிசை என்று கேட்டான். வடக்குப் பாத்தி என்றேன். அதற்கு எப்படி ஒட்டுப் போடவேண்டும் என்று விளக்கினான்.

வெளியே வந்தபின் மேரி, "என்ன பேசினீங்க?" என்றாள்.

"குழாயைப் பத்தி."

"கேஸைப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?"

நேரம் இல்லை. எவ்வளவு கொஞ்ச நேரம் கொடுக்கிறார்கள் தெரியுமா?

ஐப்பசி 3, வெள்ளி

வக்கீல் போன் போட்டார். அப்பீல் விசாரணை முடியும்வரை தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் கொடுத்துவிட்டார்களாம். தமயந்தி தரப்பு வக்கீலம்மா எவ்வளவோ எதிர்த்துப் பார்த்தாளாம். இரண்டு ஆள் ஜாமீன் நிற்க வேண்டும், அதில் ஒருவர் ரத்த சம்பந்தம். ரத்தத்துக்கு நான் இருக்கிறேன். இன்னொரு ஆள் திண்டுக்கல் ஜில்லாவுக்குள் சொத்து உள்ளவர் யாராவது வேண்டும்.

"ஒரு ஆளு கிடைக்காதா ஊருல?" என்றார்.

"வரிசையில நிப்பானுக" என்று சொன்னேன்.

ஐப்பசி 5, ஞாயிறு

வத்தலக்குண்டுக்குப் போய் மகள் விஜயராணியைப் பார்த்தேன். அவள் பேரில் வீடு இருக்கிறது, மருமகன் மில்லில் மேஸ்திரி. தண்ணீர் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வரமாட்டேம்ப்பா."

"கூடப் பொறந்தவன்டி."

"தெரியும்."

எட்டு வருடமாக அவள் பிள்ளைகளை என் வீட்டுக்குக் கூட்டிவருவதில்லை. திருவிழாவுக்கு அவள் மட்டும் வருவாள், பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுவாள். மில்லுக்காரன் பெண்டாட்டி என்ற திமிர். அதைச் சொல்லியே காட்டினேன். அவள் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மூத்தவளை உள்ளே போகச் சொன்னாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஏன் கூட்டிவர்றதில்லைன்னு இந்த எட்டு வருசத்துல ஒரு தடவையாச்சும் கேட்டியாப்பா நீ?"

நான் எதற்குக் கேட்க வேண்டும்? வந்தால் வரட்டும். தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஐப்பசி 12, ஞாயிறு

ஒருவனும் வரவில்லை. கிழக்குத் தோட்டத்துக்காரன் பத்திரம் பேங்கில் இருக்கிறது என்றான். மளிகைக் கடைக்காரன் முதுகு வலி என்றான். முதுகையா ஜாமீன் வைக்கச் சொன்னேன்? கடைசியில் ஊர்த்தலைவர் சின்னக்கண்ணுவிடம் போனேன். என்னைவிட இருபது வயது இளையவன், அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் என் கொய்யாவைத் திருடியவன். இன்றைக்குத் தலைவர்.

டீக்கடை வாசலில் நாலு பேர் இருக்கும்போதே சொன்னான்: "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எல்லா வீட்டுலயும் பிள்ளைக இருக்கு. ஒருத்தனும் கையெழுத்துப் போடமாட்டான். ஒண்ணு செய்ங்க. கோட்டைக்கருப்பு முன்னாடி கற்பூரத்தை அணைச்சு, எம் மகன் அந்தப் பிள்ளையத் தொடலன்னு சத்தியம் பண்ணுங்க. அப்புறம் நானே திண்டுக்கல்லுக்கு வர்றேன்."

தமயந்தி அங்கேதான் பால் வாங்கிக்கொண்டு நின்றாள். முன்பெல்லாம் என்னைக் கண்டால் ஐயா என்று ஒதுங்குவாள். இப்போது ஒதுங்கவில்லை.

"பண்ணட்டும் தலைவரே. அவரு அணைச்சுட்டா நானும் ஹைகோர்ட்டுல எதுத்துப் பேசமாட்டேன். எங்க வக்கீலம்மாகிட்ட சொல்லிர்றேன்."

"இரு தாயி, நீ ஏன்..." என்றான் சின்னக்கண்ணு.

"கோர்ட்டுல பொய் சொல்லலாம் தலைவரே. இவரு கருப்புக்கு முன்னாடி பொய் சொல்லமாட்டாரு. எம் மாமனார் சொல்லுவாரு, ஒச்சப்பன் வாய்ல வேற என்ன வந்தாலும் பொய் மட்டும் வராதுன்னு."

புகழ்கிறாளா, வெட்டுகிறாளா என்று தெரியவில்லை. "இன்னைக்கே வர்றேன், ஏத்துங்கடா கற்பூரத்தை" என்று கத்தினேன். வருகிற வெள்ளி என்று முடிவு செய்தார்கள்.

ஐப்பசி 14, செவ்வாய்

நிலக்கோட்டைக்குப் பூச்சிமருந்து வாங்கப் போனேன். மேரியும் நூல்கண்டு வாங்க வந்தாள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் ஒட்டியிருந்தன. சும்மா, பொழுது போக, ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். எந்த ஊர், யார் மகன், யார் பேரன் என்று எல்லாவற்றையும் படிக்கச் சொன்னேன்.

"எதுக்குய்யா?" என்றாள்.

"செத்தவனுக்கு மரியாதை."

இரண்டு பஸ் போய்விட்டது.

ஐப்பசி 15, புதன்

தீட்டு வந்துவிட்டது. கம்பத்துப் பக்கம் குடியேறிப் போன மாயன் என்பவன் இறந்துவிட்டான். என் தாத்தாவும் அவன் தாத்தாவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தாயாதிப் பங்காளி. பதினாறு நாள் கழிந்து கருமாதி முடியும்வரை கோயில் படியை மிதிக்கக் கூடாது.

சின்னக்கண்ணுவிடம் போய்ச் சொன்னேன். "அந்த மாயனை நீங்க எப்பயாச்சும் பாத்திருக்கீங்களாண்ணே?" என்று கேட்டான்.

"பாத்ததில்ல. ரத்தத்தைப் பாக்கணுமா?"

அவன் விரலை மடக்கி எண்ணி, கார்த்திகை முதல் தேதி என்று நாள் குறித்தான். முறை முறைதானே.

ஐப்பசி 26, ஞாயிறு

தீபாவளி. தீட்டு வீட்டில் தீபாவளி இல்லை. கீழத்தெருவில் வெடிச் சத்தம் கேட்டது.

ஐப்பசி 28, செவ்வாய்

குழாயடிக்கு நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது அந்தப் பிள்ளை அங்கே குடம் வைத்திருந்தது. வளர்ந்துவிட்டது. என்னைக் கண்டதும் குடத்தை அப்படியே போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. குடம் நிரம்பி வழிந்தது. நான் என்ன செய்தேன் அதை? என்னைப் பார்த்து ஏன் ஒளிய வேண்டும்? நான் அவன் இல்லையே.

மேரி எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்கச் சொன்னேன். கடைசி என்றால் எது என்று கேட்டுவிட்டு அடிக்காமல் விட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். எனக்கு எங்கே தெரியும்?

நாளையிலிருந்து தண்ணீருக்கு மத்தியானம் போகப் போகிறேன். பள்ளிக்கூட நேரத்தில் கூட்டம் இருக்காது, அதற்காகத்தான்.

கார்த்திகை 1, வெள்ளி

இன்று கோயிலுக்குப் போகவேண்டிய நாள். காலையிலேயே சின்னக்கண்ணு நாலைந்து பேரோடு வாசலுக்கு வந்துவிட்டான். தெருமுனையில் தமயந்தியும் நின்றாள்.

"தீட்டு" என்றேன்.

"நேத்தோட கழிஞ்சிருச்சேண்ணே."

"இது வேற. வைகைக்கு அக்கரையில மொக்கையன்னு ஒருத்தன். எங்க பாட்டன் வழி. முந்தாநாள் செத்துட்டான்."

தெருமுனையிலிருந்து தமயந்தி சத்தமாகச் சொன்னாள்: "அங்கிட்டு இன்னும் எத்தனை பேரு சாகாம பாக்கி இருக்காங்கன்னு கேட்டுச் சொல்லுங்க தலைவரே. நான் வேலைக்குப் போகணும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சின்னக்கண்ணு சிரிக்கவில்லை. அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அந்த மொக்கையன் யாரு, பரமத்தேவர் மகனா?"

"ஆமா."

"பரமத்தேவருக்குத்தானண்ணே உங்க அத்தை பேச்சியைக் கட்டிக் குடுத்தாங்க?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டேன்.

"பொண்ணு குடுத்த வீடு எப்படிண்ணே பங்காளி வீடாகும்? மாமன் மச்சான் முறை. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டா முடிஞ்சுது. எங்க எல்லாருக்கும் இந்த முறையெல்லாம் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

"வயசாச்சு. மறந்துபோச்சு."

அப்போது சிரித்தவர்கள்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது குத்தும்போது மடியில் உட்காரவைத்திருந்தவள் பேச்சி அத்தை. அவள் கட்டியிருந்த சேலை பச்சை, அரக்குக் கரை. இது ஊருக்கே தெரியும், நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

சின்னக்கண்ணு குரலை இறக்கிச் சொன்னான்: "நீங்க மறக்குற ஆளு இல்லண்ணே. அடுத்த வெள்ளி. இனிமே யாரு செத்தாலும் சரி."

மறதி யாருக்கும் வரும். எழுபத்தெட்டு வயதில் வரக் கூடாதா?

கார்த்திகை 4, திங்கள்

ஜெயிலிலிருந்து போன் வந்தது. மேரி ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள்.

"என்னப்பா பண்றீங்க அங்க? ஆர்டர் வந்து மாசம் ஆயிருச்சு. வக்கீல் சொல்றாரு, நீங்கதான் இழுத்தடிக்கிறீங்கன்னு."

"தீட்டுடா."

"எவன் செத்தா என்னப்பா? நான் இங்க தினம் செத்துக்கிட்டு இருக்கேன். ஒரு கட்டிக் கற்பூரம்ப்பா. கருப்பு என்ன, கோர்ட்டுக்கு வந்து சாட்சியா சொல்லப்போகுது? அணைச்சுட்டு வாங்க."

நான் கேட்டேன்: "அப்ப அணைக்கலாமாடா? தைரியமா அணைக்கலாமா?"

அவனுக்குப் பின்னால் யாரோ வரிசைக்கு அவசரப்படுத்தும் சத்தம் கேட்டது. அவன் மூச்சு விடுவதும் கேட்டது.

"இப்ப எதுக்குப்பா அதெல்லாம்" என்றான். போன் நின்றுபோனது.

சிக்னல் இல்லை போலிருக்கிறது. எங்கள் ஊரில் எப்போதும் இப்படித்தான்.

கார்த்திகை 6, புதன்

பனி விழுகிறது. செடியில் செம்பேன் பற்றியிருக்கிறது. இலையைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும், மேலே பச்சையாகத்தான் இருக்கும். நாள் முழுவதும் மருந்து அடித்தேன். சாப்பிடவில்லை. கையில் மருந்து வாடை.

கார்த்திகை 8, வெள்ளி

கோயிலுக்குப் போனேன். குளித்து, ஈர வேட்டியோடு போனேன். ஊரே வந்திருந்தது. வேறு வேலை இல்லாத ஊர். தமயந்தி மட்டும் கீழே, புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள், பிள்ளையைக் கூட்டிவரவில்லை.

பூசாரி கல்படியில் கற்பூரத்தை வைத்து ஏற்றினார். பெரிய கட்டி. சின்னக்கண்ணு சொன்னான்: "எம் மகன் செல்வேந்திரன் அந்தப் பிள்ளையத் தொடலன்னு சொல்லிட்டு, உள்ளங்கையால அடிச்சு அணைங்கண்ணே."

நின்றேன்.

குதிரைச் சிலையின் ஒரு கண்ணுக்கு மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இன்னொரு கண்ணுக்கு ஏன் அடிக்கவில்லை என்று தெரியவில்லை. நன்கொடை வாங்கியவன் தின்றிருப்பான். கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்தது, பிறகு உட்கார்ந்து எரிந்தது, பிறகு நீலமாகி ஓரமாக ஊர்ந்தது. "சொல்லுங்கண்ணே" என்றான் சின்னக்கண்ணு ஒரு தடவை. அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை. காற்று கொஞ்சமும் இல்லை. கற்பூரம் எரிந்து தீர்ந்து தானாகவே அணைந்தது. கல்லில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது.

பின்னால் எவனோ, "இன்னொரு கட்டி ஏத்துங்கப்பா, பெரியவரு கவனிக்கல" என்றான்.

"வேணாம்" என்றான் சின்னக்கண்ணு.

எல்லாரும் கலைந்து போனார்கள். பேசிக்கொண்டு போகவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

என் முழங்கால் மடங்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். குனிய முடிந்திருந்தால் அணைத்திருப்பேன். மேரி என் முழங்காலைப் பார்த்தாள். தோட்டத்தில் நாள் முழுவதும் குத்தவைத்துக் களை எடுக்கிற முழங்கால்தான். இருந்தாலும் கோயிலில் மடங்கவில்லை.

கார்த்திகை 10, ஞாயிறு

விஜயராணி வந்தாள். யார் சொன்னார்களோ. பிள்ளைகளைக் கூட்டிவரவில்லை. குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவி வைத்தாள். இந்தத் தடவை பொழுது சாய்ந்த பிறகுதான் போனாள். குழம்பில் உப்பு கூட.

கார்த்திகை 13, புதன்

வக்கீல் காரே அனுப்பிவிட்டார். ஊரில் எவனும் தேவையில்லையாம். திண்டுக்கல்லில் ஜாமீன் நிற்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவனைப் பிடித்துவிட்டாராம். "நீங்க வந்து கைநாட்டு வச்சாப் போதும், நாளைக்கு உங்க மகன் வீட்டுல இருப்பான்" என்றார்.

கோர்ட்டில் அந்தத் தொழில்காரன் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். "தைரியமா இருங்க பெருசு, நான் இதுவரைக்கும் நூறு பேரை வெளியில எடுத்திருக்கேன்."

"உனக்குப் பிள்ளைக இருக்கா?"

"ரெண்டு. ஏன்?"

"எம் மகனை உன் தெருவுல குடிவைக்கவா?"

அவன் பல்லை மூடிக்கொண்டான்.

என்னைக் கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு பெண். என் பெயர், ஊர், அவன் எனக்கு என்ன உறவு என்று கேட்டார். மகன் என்றேன். "உங்க மகனுக்கு ஜாமீன் நிக்கச் சம்மதமா?"

"இல்லீங்க."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "பெரியவருக்குக் காது சரியா கேக்காதுங்க அம்மா" என்றார்.

"எனக்குக் காது நல்லாக் கேக்குங்க. சம்மதம் இல்லீங்க."

"ஏன்?" என்று கேட்டார் நீதிபதி.

"வெளிய வந்தா அவனை யாரு பாத்துக்கிறது? நான் வயசாளி. என்னால முடியாதுங்க." பிறகு, கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்: "முயற்சி பண்ணிப் பாத்தேன்."

அந்த அம்மா ஏதோ எழுதிக்கொண்டார். போகலாம் என்றார்.

வெளியே வந்து வக்கீல் கத்தினார். இரண்டு மாத உழைப்பு என்றார், பைத்தியக்காரக் கிழவன் என்றார். அப்பீல் விசாரணைக்கு வரும்போது தன்னைத் தேடி வராதே என்றார். கார் எனக்கு இல்லையாம். பஸ்ஸில் வந்தேன். நின்றுகொண்டே வந்தேன். எழுந்து இடம் கொடுக்க ஒருவனுக்கும் மனசில்லை.

ஊர் நிறுத்தத்தில் இறங்கினால் தமயந்தி நிற்கிறாள். அவளுடைய வக்கீலம்மா போனில் சொல்லியிருப்பாள். நன்றி சொல்லத்தான் நிற்கிறாளாக்கும், அது ஒன்றும் எனக்கு வேண்டாம், முகத்தில் அடித்த மாதிரி பதில் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டே போனேன். உனக்காக ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வார்த்தையைக்கூட எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவள் நன்றி சொல்லவில்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கணும். பிள்ளைகளைக் கூட்டிட்டு வராதீங்கடின்னு அந்த வைகாசியில சொன்னியே. மொட்டு உதிருதுன்னு சொன்னியே. அன்னைக்கு நான் உன் முன்னாடி நின்னு, வீட்டுல விட ஆள் இல்லைய்யா, நான் என்ன பண்ணட்டும்னு கேட்டேன்ல? அப்ப எனக்குக் காரணத்தைச் சொல்லியிருக்கலாம்ல? ஒத்த வார்த்தை?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நடு ரோட்டில் நிறுத்தி என்னை நீ, போ என்று ஒருமையில் கேட்க இவள் யார் என்று வந்தது. கூலிக்கு வந்தவள். கீழத்தெருக்காரி. வாயைத் திறந்தேன். எடுத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. அவள் அழவில்லை, கத்தவில்லை, பதிலுக்காக மட்டும் நின்றாள். பால் வண்டி போனது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

என் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். என் அப்பன், தாத்தன் யாரும் அந்தத் தெரு ஆட்கள் முன்னால் அப்படிச் செய்ததில்லை. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனாள். அவள் திருப்பத்தில் மறையும்வரை நான் அப்படியே நின்றேன். டீக்கடையிலிருந்து எல்லாரும் பார்த்தார்கள்.

காற்று அடித்தது, துண்டு நழுவியது, அதனால் எடுத்துக் கட்டினேன். மேரி, அப்படியே எழுது.